மனநல மருத்துவமனைப் பண்ணையில் வளர்ந்தவர்கள் யாராவது உண்டா?

தொண்டிக்காரி எழுதியது:

எங்கள் பூர்வீகம் தொண்டி. ஆனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நான் வளர்ந்தது வெளியூரில், ஒரு பெரிய அரசு மனநல மருத்துவமனையின் ஊழியர் குடியிருப்பில். அப்பா அங்கே வார்டர். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். உள்ளே இருந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

எழுபதுகள். மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும். அதற்கு உள்ளே கிணறு, பம்ப்செட், கீரைப் பாத்தி, வாழை, தென்னை, மாட்டுக்கொட்டில் என்று ஒரு கிராமமே இருந்தது. காலைக் கஞ்சியும் மாத்திரையும் முடிந்ததும் பெயர் வாசிப்பார்கள். பெயர் வந்தவர்கள் தோட்டக் கோஷ்டி. பெயர் வராதவர்கள் சிலர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருவார்கள். வேறு சிலர், பெயர் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

கருவி அறைச் சுவரில் வரிசையாக ஆணி, ஒவ்வொன்றுக்கும் கீழே நம்பர். மண்வெட்டி, களைக்கொத்து, கதிர் அரிவாள் எல்லாம் சாயங்காலம் அதனதன் ஆணியில் வந்து தொங்கினால்தான் கோஷ்டியும் நகரும், வார்டரும் வீட்டுக்கு வருவார். ஒரு நாள் களைக்கொத்து ஒன்றைக் காணவில்லை. ஆஸ்பத்திரியே அலறிவிட்டது. இருட்டிய பிறகு லாந்தர் வைத்துத் தேடி, ஒரு வாழைத் தூரில் கண்டுபிடித்தார்கள். ஒளித்து வைத்தவர் சொன்ன காரணம்: "நாளைக்கு எல்லாருக்கும் முன்னாடி நான் தொடங்கணும்."

மாட்டுக்கொட்டிலைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் பிள்ளைகள் 'ஸ்டேஷன் மாஸ்டர் தாத்தா' என்போம். கன்றுக்குட்டிகளுக்கு ராமேஸ்வரம் ரயில் பாதையின் நிலையப் பெயர்தான் வைப்பார். சூடியூர், சத்திரக்குடி, வாலாந்தரவை, உச்சிப்புளி. எந்தக் கன்று எதற்குப் பின் பிறந்தது என்பதும் அந்தத் தண்டவாள வரிசைப்படியே போகும். அப்பாவுக்கு அதைக் கேட்டதுமே புரிந்துவிட்டது, ஆள் நம் பக்கத்து ஆள் என்று. ஊர் கேட்டால் மட்டும் வாயே திறக்க மாட்டார்.

பால் கறக்க உட்கார்ந்தால் அவசரமே இருக்காது. கன்றை முதலில் ஊட்டவிட்டு, பிறகு தாயின் முகத்துக்கு நேரே கட்டுவார், நக்கிக்கொண்டிருக்கட்டும் என்று. மடியை வெந்நீரில் கழுவி, விரலில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொள்வார். மனிதர்களோடு பேசாதவர் மாட்டோடு பேசுவார். அது காலை மாற்றினால், "நில்லு, இன்னும் சிக்னல் விழலை."

நம் கடற்கரையில், ஏர்வாடியைச் சுற்றி, இப்படி நிலத்தில் வேலை கொடுத்த இடம் ஏதாவது இருந்ததா? பார்த்தவர்கள் எழுதுங்கள்.


முண்டுமிளகாய் எழுதியது:

அக்கா, ராமநாதபுரத்தில் மனுசன் குடிக்கவே தண்ணீர் கிடையாது, பண்ணைக்கு எங்கே போக?

எனக்கு ஊர் வாலிநோக்கம் பக்கம். சின்ன வயதில் ஏர்வாடி தர்காவுக்கு அம்மாவோடு போயிருக்கிறேன். மனநோய் தீர வேண்டி இந்துக்கள், கிறிஸ்தவர்கள், கேரளாக்காரர்கள், எல்லாரும் வருவார்கள். கனவில் உத்தரவு வர வேண்டும், வந்தால்தான் ஊருக்குக் கிளம்புவது. அதுவரை மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் கிடப்பார்கள். கொட்டகைகளில் காலில் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலையாவது ஒன்றாவது! காலையில் எந்தத் தூணோ, ராத்திரியும் அதே தூண். அதில் ஒருத்தர் எட்டிய தூரத்துக்கு மணலை நகத்தால் கீறி வரிசை போட்டுக்கொண்டிருந்தார். என்ன செய்கிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். "உழவு போடுறாரு போல" என்றாள்.


ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

நான் மனநலப் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மண்டபத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். தொண்டிக்காரி, உங்கள் ஆணியும் நம்பரும் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்களிடமும் அதே கணக்குதான். தையல் அறை என்றால் கத்தரிக்கோல், ஊசி வரைக்கும் எண்ணுவோம்.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். சென்னையில் 1794இல் வாலண்டைன் கொனாலி என்ற வெள்ளைக்கார டாக்டர் தனியார் காப்பகமாகத் தொடங்கியதுதான் பிறகு அரசிடம் வந்து, 1871இல் கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்துக்கு மாறியது. தோட்டம் என்ற பெயருக்கு ஏற்ற பெரிய இடம். அந்தக் காலத்துக் காப்பகங்கள் ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் நிலத்தோடு அமைந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, ஊர்க்காரர்கள் கண்ணில் படக்கூடாது. இன்னொன்று, உள்ளே இருப்பவர்களின் உழைப்பிலேயே சாப்பாட்டுச் செலவு குறையும். இங்கிலாந்தில் 1796இல் யார்க் நகரில் ட்யூக் குடும்பத்தார் தொடங்கிய 'ரிட்ரீட்' இல்லத்தில் தோட்ட வேலையும் கோழி, முயல் வளர்ப்பும் சிகிச்சையாகவே நடந்தன. சங்கிலிக்குப் பதில் வேலை என்பது அவர்கள் கொள்கை. அதைப் பார்த்துப் பெரிய காப்பகங்களும் பண்ணை வைத்தன. ஆனால் போகப்போகச் சிகிச்சை பின்னுக்குப் போய் விளைச்சல் முன்னுக்கு வந்துவிட்டது. நன்றாக வேலை செய்கிற நோயாளியை வீட்டுக்கு அனுப்ப எந்தப் பண்ணைக்கு மனம் வரும்?

நம் ஊரில் டாக்டர் சாரதா மேனன் காலத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்துக்குத் தலைமை. உள்ளே இருப்பவர்கள் ஏதாவது தொழில் கற்று வெளியே போக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியதிலும் அவர் பங்கு பெரியது.

அப்புறம் ஒரு விஷயம், தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் சொல்லாதது. மனநோய்க்குக் கொடுக்கும் லார்காக்டில் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் ஆகாது. தோல் சீக்கிரம் வெந்து சிவந்துவிடும். முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, நிழல் பார்த்துத்தான் அனுப்புவோம். லித்தியம் எடுப்பவர் என்றால் இன்னும் கவனம். வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் கூடும், வாந்தி வரும், தள்ளாடுவார்கள். விட்டால் உயிருக்கே ஆபத்து. நம் கடற்கரை வெயிலில் இதைத் தெரியாமல் வேலை கொடுக்கவே கூடாது.


கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாரும் ரொம்ப அழகாக எழுதுகிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

என் பெரியப்பா இப்படி ஒரு இடத்தில்தான் இருந்தார். பெயர் சொல்ல விரும்பவில்லை. வீட்டில் சண்டை, தூக்கமில்லை, தனக்குத்தானே பேச்சு, கொண்டுபோய் விட்டார்கள். ஆறு மாதத்தில் தெளிந்துவிட்டார் என்று பாட்டி சொல்வாள். ஆனால் திரும்பி வந்தது தலை நரைத்த பிறகு. இடைப்பட்ட வருடங்களில் நெல் நட்டார், களை எடுத்தார், வரப்பு வெட்டினார். கூலி? பீடிக்கட்டு. விசேஷ நாளில் ஒரு கரண்டி பாயசம் கூட.

வந்தவர் கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு தகர டம்ளர். ஊரில் அதே உழைப்பைப் போட்டிருந்தால் நாலு குழி நிலமாவது வாங்கியிருப்பார். பங்கு பிரிக்கும்போது அவர் பெயரே இல்லை, ஆள் கணக்கிலேயே சேரவில்லை.

அக்கா கோபிக்கக் கூடாது. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் தாத்தா கறந்த பாலை யார் குடித்தது?


முண்டுமிளகாய் எழுதியது:

சரியான கேள்வி.


தொண்டிக்காரி எழுதியது:

கோபம் எதற்குத் தம்பி. நாங்கள்தான் குடித்தோம். வார்டுகளுக்கும் போகும், ஆனால் முதல் கறவை டாக்டர் வீடுகளுக்கு, அடுத்தது ஊழியர் குடியிருப்புக்கு. எங்கள் வீட்டுத் தூக்கு நம்பர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வார்டுக்குப் போன பாலில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று அப்பா வீட்டில் முணுமுணுப்பார், வெளியே பேச மாட்டார்.

கீரையும் அப்படித்தான். இளங்கீரைக் கட்டு குடியிருப்புக்கு, முற்றின தண்டு பெரிய அண்டாவுக்கு.

உங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது அநியாயம். அதை மறுக்கவே முடியாது. ஆனாலும் நான் பார்த்ததை மாற்றிச் சொல்லவும் முடியாது. எங்கள் குடியிருப்பிலிருந்து பூட்டிய வார்டும் தெரியும், தோட்டமும் தெரியும். பூட்டிய வார்டில் இருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு யார் போனாலும் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் இருந்தவர்கள் நம்மைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள், வேலை மும்முரம். வாய்க்கால் மடையைத் திறக்கிறேன் என்று என் பாவாடையை நனைத்துவிட்டு, "ஓரமாப் போ பாப்பா" என்று அதட்டுவார்கள். அந்த அதட்டலை வார்டுக்குள் யார் வாயிலும் நான் கேட்டதில்லை. அங்கே எல்லாரும் கெஞ்சத்தான் செய்வார்கள்.

அப்பாவும் அவர்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடிப்பார். பிடிக்காத வார்டர்களும் உண்டு, நிழலில் நாற்காலி போட்டு விசில் ஊதுவார்கள். ஒரே தோட்டம்தான், யார் முறையோ அதைப் பொறுத்து அது பண்ணையாகவும் இருக்கும், ஜெயிலாகவும் இருக்கும்.


கீழக்கரைக் காக்கா எழுதியது:

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. சுபுஹு தொழுதுவிட்டு வெளியே வந்தபோது யாரோ சொன்னார்கள், ஏர்வாடியில் தீ என்று. மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கின் பெயரில் 25 என்றுதான் இருக்கும். மற்றவர்கள் பின்னால் இறந்தவர்கள்.

அதன் பிறகு அந்தக் காப்பகங்களை எல்லாம் மூடினார்கள். பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் வந்து கூட்டிப்போனது கொஞ்சம் பேரைத்தான். என் வாப்பா அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுக்கப் போனார். வந்து உம்மாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம்: சங்கிலி கழற்றிய பிறகும் சிலர் அந்த நீளத்துக்கு மேல் நடக்கவில்லையாம்.

இப்போது நிலைமை வேறு. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே அரசு டாக்டர் பார்த்து மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு வந்தது. தவா (மருந்து), துவா (பிரார்த்தனை) இரண்டும். பாத்திஹா ஓதுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, மாத்திரையையும் சேர்த்துப் போடு என்றார்கள். நல்ல காரியம்.

பண்ணை விஷயத்தில் நான் கணக்குப்பிள்ளை பக்கம் பாதி, தொண்டிக்காரி லாத்தா பக்கம் பாதி. சும்மா கட்டிப்போட்டதன் முடிவை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதற்காகச் சும்மா வேலை வாங்குவதும் சரியாகிவிடாது.


வாடைக்காற்று எழுதியது:

மேலே யாரோ வாலாந்தரவை, உச்சிப்புளி என்று எழுதியதைப் பார்த்து வந்தேன். ரயில் இழை என்று நினைத்துவிட்டேன். சரி, வந்ததற்கு ஒரு கேள்வி: அந்தத் தாத்தா பாம்பன் வரைக்கும் போனாரா?


தொண்டிக்காரி எழுதியது:

மண்டபம் கேம்ப் என்று ஒரு கிடேரி வரை எனக்குத் தெரியும். பிறகு அப்பாவுக்கு மாற்றல். மண்டபம் பிறந்ததா, பாலம் தாண்டினாரா, தெரியாது.


உவர்மண் எழுதியது:

இந்த இழையை ஒரு வாரமாகப் படிக்கிறேன், எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் வேலை பார்ப்பது நம் கடற்கரையில் ஒரு சிறிய மறுவாழ்வு இல்லம். பெயர் வேண்டாம், விளம்பரம் ஆகிவிடும். தெளிந்த பிறகும் வீட்டில் சேர்க்காதவர்கள்தான் பெரும்பாலும் எங்களிடம்.

முண்டுமிளகாய் சொன்னது உண்மை. நெல், வாழை என்று கனவே காண முடியாது. ஆழ்துளை போட்டால் உப்பு. ஊருணித் தண்ணீர் சித்திரையில் சேறு. அதனால் நம் மண்ணுக்கு என்ன வருமோ அதைத்தான் செய்கிறோம். மானாவாரியில் முண்டு மிளகாய் (2023இல் புவிசார் குறியீடு வாங்கியது நம் மிளகாய்தான், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை), பத்துப் பதினைந்து ஆடு, பனை ஓலை.

மிளகாய் இந்த மாதிரி இடத்துக்கு நல்ல பயிர். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் களை. வெயில் அவ்வளவாக இல்லாத நாட்கள் இவை, சிஸ்டர் சொன்ன மருந்துப் பிரச்சினையும் குறைவு. மாசி முதல் பழம் பறிப்பு, அதைக் காலையில் மட்டும். பழத்தை ஒரு ராத்திரி குவித்து வைத்து நிறம் ஏற்றி, களத்தில் பரப்பிக் காயப் போடுவோம். பிறகு வேப்பமர நிழலில் உட்கார்ந்து சண்டு வற்றல் பொறுக்குவது. இந்தக் கடைசி வேலைதான் எங்களிடம் எல்லாராலும் முடிகிறது. மருந்தில் விரல் விறைத்தவர்கள்கூடச் செய்கிறார்கள். நிறம் வெளுத்ததைத் தனியாகப் போட வேண்டும், அவ்வளவுதான். யாரும் யாரையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை, ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கும்.

ஒரு அம்மா இருக்கிறார், வந்து நாலைந்து மாதம் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் வற்றல் பொறுக்கும்போது பக்கத்தில் இருந்தவர் சண்டு வற்றலை நல்லதோடு போட்டுவிட்டார். இந்த அம்மா அவர் கையில் பட்டென்று ஒரு அடி வைத்து, "கண்ணு தெரியுதா இல்லையா" என்றார். நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம். இப்போது அவர்தான் அங்கே மேஸ்திரி. வியாபாரி வந்தால் தரத்தைச் சொல்வதும் அவரே. எடைக்கல்லை இரண்டு தரம் தூக்கிப் பார்ப்பார்.

ஆடுதான் தொந்தரவு. மேய்க்கப் போகிறவர் ஒரு கருவேலங்காட்டுக்குள் படுத்துத் தூங்கிவிடுவார், ஆடு போய் அடுத்தவர் மிளகாயில் மேயும். ஊர்க்காரர் சண்டைக்கு வருவார். "பைத்தியங்களிடம் ஆட்டை விட்டால் இப்படித்தான்" என்பார். ஊரில் தெளிந்தவர்கள் மேய்க்கும் ஆடு வேலி தாண்டியதே இல்லையாக்கும்!


ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

நல்லா இருக்கு தம்பி. குடிதண்ணீர்ப் பானை களத்திலேயே இருக்கட்டும், தாகம் எடுத்தால் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். பல பேர் கேட்க மாட்டார்கள். நீங்களாகவே மணிக்கு ஒரு தரம் கொடுக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளைக்கு ஒரு தகவல். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 20ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது: மனநல நிறுவனத்தில் இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் தகுந்த ஊதியம் கொடுக்க வேண்டும். கட்டாய மொட்டையும் கூடாது என்று அதே பிரிவில் வரும். சங்கிலி போடுவதை 95ஆம் பிரிவு அடியோடு தடை செய்கிறது. இது 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 1973இலேயே ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, நோயாளித் தொழிலாளிகளுக்கும் கூலிச் சட்டம் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு அங்கே பல இடங்களில் கூலி கொடுப்பதற்குப் பதில் வேலையையே நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அது நடக்கக் கூடாது என்றுதான் எனக்குக் கவலை.


கணக்குப்பிள்ளை எழுதியது:

சிஸ்டர், பிரிவு நம்பருக்கு நன்றி. பெரியப்பா இருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன்.

உவர்மண், நேராகவே கேட்கிறேன். வற்றல் விற்ற காசு எங்கே போகிறது?


உவர்மண் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணே.

விதை, உழவு கூலி, வண்டி வாடகை கழித்து மீதியைச் செய்த நாள் கணக்குப்படி பிரிக்கிறோம். வெளியில் விவசாயக் கூலிக்கு என்ன கொடுக்கிறார்களோ அதற்குப் பக்கத்தில்கூட வராது. மழை பொய்த்த வருடம் பிரிக்க ஒன்றுமே இருக்காது, அப்போது நன்கொடையிலிருந்து கொஞ்சம் கொடுப்போம். பாதியை வங்கியில் போடுகிறோம், அதுவும் ஆதார் இருப்பவர்களுக்கு. இல்லாதவர்களுக்கு நோட்டில் எழுதி, பணத்தைத் தனித்தனிக் கவரில் பெயர் போட்டு வைத்திருக்கிறோம். ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு ஆதார் எடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்று தனி இழையே போடலாம்.

மீதிப் பாதி சனிக்கிழமை கையில். டீக்கடைக்குப் போவார்கள். வடை, பீடி, சிலர் ரீசார்ஜ்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

கூலி குறைவுதான். ஆனால் கையெழுத்து வாங்குகிறீர்களா? வேலை வேண்டாம் என்றால் விடுகிறீர்களா?


உவர்மண் எழுதியது:

கையெழுத்தோ கைநாட்டோ உண்டு. வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம், இரண்டு பேர் களத்துப் பக்கமே வருவதில்லை. சோறு எல்லாருக்கும் ஒன்றுதான்.

மேலே சொன்ன அந்த மேஸ்திரி அம்மா மட்டும் கையெழுத்துப் போட மாட்டார். மற்றவர்களுக்கு என்ன கொடுத்தேனோ அதே கூலியைத் தனக்கும் கொடுக்கிறேனாம். மேஸ்திரிக்கு எந்த ஊரில் அப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறார். மூன்று சனிக்கிழமையாகக் கவர் மேஜை மேலேயே கிடக்கிறது. கமிட்டியில் சொல்லியிருக்கிறேன், கூட்டித்தான் கொடுக்க வேண்டி வரும்.